அப்பாவுக்குத் தெரியாமல் மாத்திரை கலக்கலாமா?

உளவியல் முதுகலை படிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 54. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடிக்கிறார். சில ஆண்டுகளாகக் காலையில் கைநடுக்கத்தோடு எழுகிறார், கொஞ்சம் குடித்த பிறகே நடுக்கம் அடங்குகிறது. இரண்டு முறை தாமாகவே நிறுத்திப் பார்த்து, சில வாரங்களில் மீண்டும் தொடங்கியிருக்கிறார். ஒரு மாதமாக அம்மா, தெரிந்த ஒருவர் வாங்கிக்கொடுத்த, குடித்தால் உடம்புக்கு ஆகாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்து, அப்பா வீட்டில் சாப்பிடும் நாள்களில் உணவில் கலந்துவருகிறார். அப்பாவுக்கு இது தெரியாது. முதல் வாரத்தில் ஒருநாள் குடித்த சிறிது நேரத்தில் அவருடைய முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் மயக்கமும் வந்தன. அதன்பின் குடி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டதைத் தம் நோட்டுப் புத்தகக் கணக்கு காட்டுகிறது என்கிறார் வாசகி. ஆகவே அளவைக் கூட்டலாமா என்று கேட்கிறார். கூடவே, பாடப்புத்தகத்தின் அறிகுறிப் பட்டியல்களை வைத்துப் பார்த்ததில் அப்பாவுக்குக் குடிநோய், மனச்சோர்வு, பிறர் உரிமையைத் தொடர்ந்து மீறும் இயல்பான சமூக விரோத ஆளுமைக் கோளாறு ஆகிய மூன்றும் இருப்பதாக முடிவு செய்திருக்கிறார். ஒரு மறுவாழ்வு மையம் 85 சதவீத வெற்றி என்று சொல்லி, இரவில் ஆட்களை அனுப்பி அப்பாவைத் தூக்கிச்செல்வதாகவும், மூன்று மாதம் குடும்பத்தார் அவரைப் பார்க்கக் கூடாது என்றும் கூறியிருக்கிறது. ‘மாமா எந்தச் சிகிச்சையும் இல்லாமல் விட்டாரே, இவரால் ஏன் முடியாது’ என்று அம்மா கேட்கிறார். கடைசியாக, இந்த நோய் தமக்கும் வந்துவிடுமோ என்ற அச்சத்தையும் வாசகி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது.

இன்றே நிறுத்த வேண்டியது

அளவைக் கூட்டுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. மாத்திரை கலப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. அதன்பின் ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. டைசல்ஃபிரம் அந்த நொதியை முடக்கிவிடுவதால், குடித்தவுடன் நச்சு இரத்தத்தில் தேங்குகிறது. அன்று உங்கள் அப்பாவுக்கு வந்த படபடப்பும் வாந்தியும் அதன் விளைவே. இரத்த அழுத்தம் சரிந்து, இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும் அளவுக்கும் இது முற்றலாம். இதயநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அரிதாகக் கல்லீரலையும் இந்த மருந்து கடுமையாகத் தாக்கும். அதனால்தான் நோயாளிக்கு முழுமையாகத் தெரியாமல் இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கலப்பதை நிறுத்தினாலும் மருந்தின் செயல் இரண்டு வாரம் வரை உடலில் நீடிக்கலாம் என்பதால், அந்த நாள்களில் அவர் குடிப்பது ஆபத்து. காலை நடுக்கம் உள்ள ஒருவர் திடீரென்று குடியை நிறுத்துவதும் ஆபத்துதான். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடம், நேரம், ஆள் தெரியாத கடுமையான குழப்பமும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் ஏற்படலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இது மரணத்தில் முடியக்கூடும். ஆகவே ‘இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது’ என்று வீட்டில் வைத்துப் பூட்டுவதும் வழியல்ல, ‘கொஞ்சமாகக் குடித்துக்கொள்ளட்டும்’ என்று விடுவதும் வழியல்ல. இன்று அல்லது நாளைக் காலை, மனநலப் பிரிவோ அவசரப் பிரிவோ உள்ள ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டையையும், எந்தெந்த நாளில் எவ்வளவு கலந்தீர்கள் என்ற குறிப்பையும் மருத்துவரிடம் கொடுங்கள். குடியை நிறுத்தும்போது வரும் இந்த விலகல் அறிகுறிகளைக் கட்டுப்படுத்த மருந்துகள் உண்டு. மூளையைக் காக்கத் தயமின் எனப்படும் பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். நான் உளவியலாளர், மருந்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. இந்தக் கட்டத்தை மருத்துவர் மட்டுமே கையாள முடியும்.

அம்மாவை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இருபது ஆண்டு பொறுத்தவர் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். ஆனாலும், வயதுவந்த ஒருவருக்குத் தெரியாமல் அவர் உடலுக்குள் மருந்தைச் செலுத்துவது அவருடைய உரிமையை மீறும் செயல். ஏதேனும் நேர்ந்தால் அம்மாவே சட்டத்தின் முன் நிற்க வேண்டிவரும்.

உங்கள் நோட்டுப் புத்தகம் உண்மையில் சொல்வது என்ன?

‘ஆனால் வேலை செய்ததே’ என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வு முறைகளைப் பாடமாகப் படிக்கும் உங்களிடம் இதைச் சற்று விரிவாகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

மாத்திரைக்கு முந்தைய ஒரு வாரத்தையும் பிந்தைய மூன்று வாரங்களையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். மாத்திரைக்கு முந்தைய அந்த வாரம் எப்படிப்பட்டது? ‘அதுவரை இல்லாத அளவுக்குக் குடித்த வாரம், அதனால்தான் அம்மா இந்த முடிவுக்கு வந்தார்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏறி இறங்கும் எந்த ஒன்றையும் அதன் உச்சத்தில் அளக்கத் தொடங்கினால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 1886-இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து பிரான்சிஸ் கால்டன் விளக்கிய ‘சராசரிக்குத் திரும்புதல்’ இதுதான். குடும்பங்கள் மிக மோசமான நாளில்தான் ஒரு சிகிச்சையைத் தேடி ஓடுகின்றன. ஆகவே அதன்பின் எதைச் செய்தாலும் பலன் கிடைத்ததுபோலத் தோன்றும். மந்திரித்த கயிறுகளும் முகவரியில்லாத பொடிகளும் பெயர் வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னும் இரண்டு விளக்கங்களும் உங்கள் கணக்கோடு பொருந்துகின்றன. அன்றைய படபடப்பை மாரடைப்பு என்று எண்ணி அவர் பயந்திருக்கலாம். அல்லது, வீட்டில் குடித்தால் உடம்புக்கு ஆகவில்லை என்று வெளியே குடித்துவிட்டு வரலாம். உங்கள் கணக்கில் வருவது வீட்டில் கிடக்கும் புட்டிகள் மட்டும்தானே. ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு முன்னளவு, ஒப்பீடு எதுவும் இல்லை என்ற நிலையில் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. டைசல்ஃபிரம் குறித்த சோதனைகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில், தாம் உட்கொள்வது டைசல்ஃபிரம்தான் என்று நோயாளிகளுக்குத் தெரிந்திருந்த சோதனைகளில் நல்ல பலன் தெரிந்தது. எது மருந்து, எது போலி மாத்திரை என்று மறைத்து நடத்திய சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. காரணம் எளிது: இந்த மருந்து குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. ‘இதைப் போட்டிருக்கிறேன், இன்று குடித்தால் உடம்பு தாங்காது’ என்று நோயாளி தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் தடைதான் அதன் வேலை. தெரிந்திருந்தால் மட்டுமே பயன் தரும் மருந்தை நீங்கள் தெரியாமல் கொடுத்துவந்திருக்கிறீர்கள். மிஞ்சியது அதன் ஆபத்து மட்டுமே.

மூன்று நோய்ப் பெயர்கள்

பிறழ்நிலை உளவியல் படிக்கத் தொடங்கும் ஏறக்குறைய எல்லாரும் வீட்டிலுள்ளவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்டிப் பார்ப்பார்கள். தங்களுக்கே சூட்டிக்கொள்பவர்களும் உண்டு. பட்டியலைப் பார்த்துக் குறியிடுவது நோயறிதலின் மிகச் சிறிய பகுதி. அந்த அறிகுறி எவ்வளவு காலமாக இருக்கிறது, வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது, வேறொன்றால் விளக்க முடியுமா என்ற கேள்விகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

குடிநோயைப் பொறுத்தவரை உங்கள் கணிப்பு சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதற்கு 11 அளவுகோல்களைத் தருகிறது: நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, அடங்காத வேட்கை, பொறுப்புகள் கெடுவது, அளவு கூடிக்கொண்டே போவது, விலகல் அறிகுறிகள் போன்றவை. 12 மாத காலத்துக்குள் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கு ஐந்து என்றால் மிதமானது, ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. முந்தைய பதிப்பில் தனித்தனியாக இருந்த ‘துர்ப்பயன்பாடு’, ‘சார்பு’ என்ற இரண்டையும் இதில் ஒரே அளவுகோட்டில் இணைத்துவிட்டார்கள். குடிகாரர், குடிகாரரல்லாதவர் என்று மனிதர்களை இரண்டு பெட்டிகளில் போட முடியாது என்பதே இதற்குப் பின்னாலுள்ள சிந்தனை.

மனச்சோர்வைப் பொறுத்தவரை சற்றுக் காத்திருக்க வேண்டும். மதுவே மனத்தைத் தாழ்த்தக்கூடியது. குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்த 191 ஆண்களைப் பின்தொடர்ந்து 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், சேரும்போது 42 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இருந்தது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்தபின் அது 6 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே குடி நின்ற மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகும் சோர்வு நீடிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: சாவைப் பற்றிப் பேசினாலோ, தம்மை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது பெயரை அழித்துவிடுங்கள். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று சொல்ல, 15 வயதுக்கு முன்பே கடுமையான நடத்தைச் சிக்கல்கள் தொடங்கியிருக்க வேண்டும். குடிக்கும் பணத்துக்காகப் பொய் சொன்னார், வாக்குத் தவறினார் என்பவை குடிநோயோடு வந்தவையாக இருந்தால் அவற்றுக்குத் தனிப் பெயர் தேவையில்லை. ஆளுமைக் கோளாறு என்று எழுதிவிட்டால், அதன்பின் அவர் செய்யும் ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்ப்பீர்கள்.

85 சதவீதம் என்ற எண்

அந்த மையம் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பொய்யே சொல்லாமலும் இந்த எண்ணைப் பெற முடியும். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். 100 பேர் சேர்கிறார்கள். 40 பேர் பாதியில் வெளியேறுகிறார்கள். முடித்த 60 பேருக்குப் பிறகு தொலைபேசியில் பேச முயல்கிறார்கள். 40 பேர் எடுக்கிறார்கள். அவர்களில் 34 பேர் ‘இப்போது குடிப்பதில்லை’ என்கிறார்கள். நாற்பதில் முப்பத்து நான்கு என்றால் 85 சதவீதம். சேர்ந்த நூறு பேரில் முப்பத்து நான்கு என்றால் 34 சதவீதம். தொலைபேசியை எடுக்காதவர்களில் எத்தனை பேர் மீண்டும் குடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். எனவே அவர்களிடம் கேளுங்கள்: இந்த எண் சேர்ந்தவர்களில் கணக்கிட்டதா, முடித்தவர்களில் கணக்கிட்டதா? எத்தனை மாதத்துக்குப் பிறகு? நோயாளியின் வாய்ச்சொல்லா, குடும்பத்தாரிடமும் கேட்டதா, பரிசோதனையா? வேறு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்களா?

அதைவிட அவசியமான கேள்வி, இரவில் வலிப்பு வந்தால் பார்க்க அங்கே மருத்துவர் இருக்கிறாரா என்பது. சம்மதமில்லாத ஒருவரை ஆள்வைத்துத் தூக்கிச் சென்று, குடும்பம் பார்க்கக்கூட முடியாமல் அடைத்து வைப்பதைச் சிகிச்சை என்று என்னால் ஏற்க முடியாது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அனுமதிக்கும் நிலைகளை மனநலச் சட்டங்கள் மிகக் குறுகலாகவே வரையறுக்கின்றன; மருத்துவ மதிப்பீடு, மேல்முறையீடு போன்ற பாதுகாப்புகளும் அவற்றோடு சேர்ந்தே வரும். தனியார் வண்டியில் வரும் நான்கு பேருக்கு அந்த அதிகாரம் இல்லை. சுயநினைவு தப்பினால், வலிப்பு வந்தால், உயிர்காக்கும் அவசரச் சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம், அது வேறு.

எது உதவுகிறது?

உண்மையான ஆய்வுகளின் எண்கள் விளம்பர எண்களைவிட எப்போதும் அடக்கமானவை. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், நிறுத்தியபின் உதவும் அகாம்ப்ரோசேட் ஆகிய இரண்டு மருந்துகளைப் பற்றி 2014-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, போலி மாத்திரையோடு ஒப்பிடும்போது கூடுதலாக ஒருவர் மீண்டும் குடிக்காமல் இருக்க, அகாம்ப்ரோசேட்டை ஏறக்குறைய 12 பேருக்கும் நால்ட்ரெக்ஸோனை ஏறக்குறைய 20 பேருக்கும் கொடுக்க வேண்டும். இது சிறிய பலன் என்று தோன்றலாம். மருத்துவத்தில் இது மதிக்கத்தக்க எண். சிறுநீரகம், கல்லீரல் நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். டைசல்ஃபிரத்தையே அவர் அறிந்து, விரும்பி, குடும்பத்தார் கண்ணெதிரே உட்கொள்ளும் ஏற்பாடும் பின்னர் சாத்தியமே.

உளவியல் சிகிச்சைகளில் எது சிறந்தது என்ற போட்டி உங்கள் வகுப்பிலும் நடந்திருக்கும். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடத்தி 1997-இல் முடிவு வெளியான ‘மேட்ச்’ ஆய்வில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஊக்குவிப்புச் சிகிச்சை, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழுக்களின் பன்னிரு படி முறை ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன்தந்தன. 2020-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, முழுமையாகக் குடிக்காமல் இருப்பதில் பன்னிரு படி முறைக்குச் சற்றுச் சாதகமாக இருந்தது: ஓராண்டு முடிவில் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35. என் அனுபவத்தில், எந்தப் பெயருள்ள முறை என்பதைவிட அப்பா ஓராண்டு தொடர்ந்து போகக்கூடிய இடம் எது என்பதே பெரிய கேள்வி. நடுவில் ஒருநாள் சறுக்கினால் சிகிச்சை தோற்றது என்று முடிவுகட்டாதீர்கள். இந்நோயில் மீள்குடி 40 முதல் 60 சதவீதம் பேருக்கு நேர்கிறது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றிலும் சிகிச்சை தளர்ந்து நோய் திரும்புவது இதைவிடக் குறைவல்ல.

‘மாமா தானாகவே விட்டாரே’ என்ற அம்மாவின் வாதம் பொய்யல்ல. 2001–02-இல் அமெரிக்காவில் 43,093 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், முன்பு மதுச்சார்பு இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மட்டுமே கடந்த ஓராண்டிலும் அது நீடித்தது. சிகிச்சை பெற்றிருந்தவர்களும் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். பெரும்பாலானோர் சிகிச்சை இல்லாமலே மாறுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் பார்ப்பதெல்லாம் மாறாமல் வருபவர்களைத்தான் என்பதால் எங்களுக்கு நோய் இருப்பதைவிடக் கொடியதாகத் தெரியும்; உங்கள் வீட்டில் மாமா ஒருவர் கண்முன் இருப்பதால் அம்மாவுக்கு எளிதாகத் தெரிகிறது. ஆனால் மாமாவுக்குக் காலை நடுக்கம் இருந்ததா? இரண்டு முறை முயன்று தோற்றிருந்தாரா? அப்பா கடுமையான முனையில் இருக்கிறார். அவருக்கு நிறுத்துவதே மருத்துவ ஆபத்து. மாமாவின் கதையை அவர்மீது ஏற்றினால் அவருக்குக் கூடுவது அவமானம் மட்டுமே.

அவரிடம் சொல்வது

மாத்திரை பற்றி அவரிடம் சொல்லத்தான் வேண்டும். மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். கோபத்தில் கைநீட்டக்கூடியவர் என்றால் வீட்டில் சொல்லவே வேண்டாம். ‘அப்பா, நீங்கள் போய்விடுவீர்களோ என்ற பயத்தில் உங்களுக்குத் தெரியாமல் இதைச் செய்தோம், அது தவறு, இனி உங்களைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டோம்’ என்ற அளவு போதும். அதே மூச்சில் குடியின் பட்டியலை வாசிக்காதீர்கள். மன்னிப்பு, குற்றச்சாட்டாக மாறிவிடும்.

அவர் சிகிச்சைக்கு மறுத்தால், ‘அடிபட்டுத் தானே திருந்தட்டும்’ என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். அந்த அடி உயிரையே பறித்துவிடலாம். குடிக்காத நேரத்தில் அன்பும் துணையும் காட்டுவது, குடித்த நேரத்தில் விலகுவது, அதன் விளைவுகளை அவருக்காக மூடிமறைக்காமல் இருப்பது, சரியான தருணத்தில் சிகிச்சையை முன்வைப்பது ஆகியவற்றைக் குடும்பத்தாருக்குக் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. 130 குடும்பத்தினரை வைத்து 1999-இல் வெளியான ஆய்வில், இதைக் கற்றவர்களின் வீடுகளில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லாரும் கூடி எதிரே உட்காரவைத்துப் பேசும் முறையில் 30 சதவீதம், குடும்பத்தாரின் ஆதரவுக் குழுவில் 13 சதவீதம். இதிலும் உங்கள் ஆய்வுக் கண்ணை மூடிவிடாதீர்கள்: அந்த முறையை உருவாக்கியவரே ஆய்விலும் பங்கேற்றார், அளந்ததும் சிகிச்சைக்கு வந்தார்களா என்பதைத்தான், குடியை விட்டார்களா என்பதை அல்ல. அப்படியிருந்தும், கையிலிருக்கும் வழிகளில் இதையே நான் முதலில் சொல்வேன். அம்மாவும் நீங்களும் ஒரு ஆலோசகரிடம் சேர்ந்து போங்கள்.

உங்கள் அச்சத்தைக் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். இரட்டையர், தத்துப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுகள் குடிநோயில் மரபின் பங்கை ஏறக்குறைய 50 சதவீதம் என்கின்றன. உங்களுக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதியை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்பதே அதன் பொருள். தனியொருவரின் எதிர்காலத்தை அந்த எண் சொல்லாது. உங்கள் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. குடிக்காத ஒருவருக்கு மரபு மட்டும் இந்த நோயைக் கொடுத்துவிடாது என்பதும் உண்மை.

நோட்டுப் புத்தகத்தைத் தூக்கியெறிய வேண்டாம். மாத்திரை கலந்த நாள்களின் தேதிகள் அதில்தான் இருக்கின்றன. மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.